பூச்சி அரித்த இடம்

காஞ்சிபுரம் தாலுகா ஆபீஸுக்கு எதிரில் தமிழ் டைப்ரைட்டரோடு உட்கார்ந்திருந்த அந்த மனிதரைப் போல என் உயிரை எடுத்தவர் வேறு யாரும் கிடையாது. ஒல்லியான உடம்பு, கார்பன் நீலம் ஏறிய விரல்கள். ஒரு எழுத்தைத் தட்டுவதற்குள் ஒன்பது கேள்வி கேட்பார்.

அப்பா எழுதி வைத்த பாகப்பத்திரத்துக்கு நகல் எடுக்கப் போயிருந்தேன். வீடு, தறி, கிணறு எல்லாம் அதில்தான் இருந்தன.

“வரிக்கு வரி இருக்கிற மாதிரியே அடிக்கட்டுமா, வரி பிரிக்காம ஓட்டமா அடிக்கட்டுமா? ஓரம் எவ்ளோ உடணும்? முத்திரை இருக்கிற எடத்துல கட்டம் போடணுமா?”

“ஓட்டமா அடிங்க சார். வக்கீல் காத்துக்கினு இருக்காரு.”

மனிதர் அசையவில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பத்திரத்தை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். ‘கிணறு இளைய மகனுக்கு’ என்பதற்கும் ‘பாத்தியம்’ என்பதற்கும் நடுவில், பூச்சி அரித்து இரண்டு விரல் அகலத்துக்கு ஓட்டை.

“ஓட்டமா அடிச்சா இந்த ஓட்டை காணாம பூடும்பா. இதுல ‘மூத்த மகனுக்கும்’னு இருந்திருந்தா? வரிக்கு வரியே அடிக்கிறேன்.”

“அடிக்கச் சொல்றவன் நான். சொன்னபடி அடிங்க!”

அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஓட்டை வந்ததும் எழுத்தை விட்டுவிட்டு, இடைவெளிக் கட்டையை மட்டும் நிதானமாகத் தட்டினார். அந்த அகலம் முழுக்கக் காலியாக நகர்ந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நகலை நீட்டும்போது கேட்டார்: “உங்க அண்ணனும் பட்டு அலச இந்தக் கெணத்துக்குத்தானே வராரு?”

பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு வரை அவரைத் திட்டிக்கொண்டே நடந்தேன். அங்கே போனபிறகுதான் உறைத்தது. நான்தான் இளையவன் என்று அந்த ஆளிடம் நான் சொல்லவே இல்லை.