வெர்லின் ஸாஸ்ட்ரோவின் இரைமீன்கள்

வெர்லின் ஸாஸ்ட்ரோ உட்கார்ந்து ஒரு கோப்பை காபியை முழுசாகக் குடித்ததைப் பார்த்தவர்கள் எங்கள் ஊரில் யாரும் கிடையாது. என் அக்கா ஆர்லிஸின் புருஷன்தான் அவன். எதிர்வீட்டில் இருந்துகொண்டு அவர்கள் கல்யாணம் ஆன நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். நின்றபடி இரண்டு வாய் குடிப்பான், கோப்பையை ஜன்னல் கட்டையில் வைப்பான், கராஜுக்குப் போவான், திரும்பி வந்து கோப்பை எங்கே என்று வீட்டைப் புரட்டுவான். சாப்பாட்டு மேஜையிலும் இதே கதை. உருளைக்கிழங்கை மென்றுகொண்டே, அடுப்புக்கு விறகு போதுமா என்று எழுந்து போய்விடுவான். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரியே ஒரு மனுஷன் அறுபது வயதைத் தாண்டிவிட முடியும் என்பதை அவனைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

வேலை அவனுக்குப் பொருத்தமாகத்தான் வாய்த்தது. பனிக்காலத்தில் மாவட்டத்துப் பனி தள்ளும் லாரி, கோடையில் சாலை நிரவும் வண்டி. எப்போதும் ஓட்டம். பொருந்தாமல் வந்து சேர்ந்தது மஸ்கிப் பைத்தியம்.

மஸ்கி என்கிற மீன்தான் எங்கள் வடக்கு விஸ்கான்சின் ஏரிகளின் ராஜா. வாய் நிறையப் பல். வாரக்கணக்கில் படகில் காய்ந்தாலும் எட்டிப் பார்க்குமா என்பது சந்தேகம். இலையெல்லாம் கொட்டி ஏரி குளிர்ந்த பிறகு, முழங்கை நீளத்துக்கு ஒரு சக்கர் மீனை உயிரோடு முள்ளில் கோத்து, தக்கைக்குக் கீழே நீந்தவிட்டுக் காத்திருக்க வேண்டும். மஸ்கி வந்து கவ்வினாலும் காரியம் முடிந்துவிடாது. சக்கரைக் குறுக்காகக் கவ்விக்கொண்டு தூரமாகப் போகும், நிற்கும், தலைப்பக்கமாகத் திருப்பும், அப்புறம்தான் விழுங்கும். அந்தக் காலத்து ஒற்றை முள்ளுக்கு அதுவரை பொறுத்தாக வேண்டும். மற்ற ஆண்பிள்ளைகள் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து நிதானமாக இழுத்து முடித்துவிட்டு அப்புறம் தூண்டிலை வெட்டி இழுப்பார்கள். வெர்லின், தக்கை முங்கின அந்த நொடியே இழுத்துவிடுவான். பல் பதிந்த சக்கர் மட்டும் திரும்பி வரும். இப்படியே எத்தனை நவம்பர் போனதோ, ஒரு மஸ்கியைக்கூட அவன் படகோரம் கொண்டுவந்ததில்லை.

எண்பத்தைந்தாம் வருஷத்து நவம்பர்தான் அவனுக்குக் கடைசி. ஆர்லிஸின் நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. ஈரமில்லாத ஊருக்குப் போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் ஜோலீன் அரிசோனாவில் இருந்தாள். வீட்டை விற்றாயிற்று, படகுக்கு ஆள் பேசியாயிற்று. வரப்போகும் சனிக்கிழமை ஏரிக்குப் போகலாம், திங்கட்கிழமை வண்டி ஏற வேண்டும். மஸ்கி என்ற பேரே தெரியாத ஊருக்கு.

நல்ல சக்கர் ஒன்றின் விலையில் நான் சமைக்கிற பாரில் ஒரு ஆள் வயிறாரச் சாப்பிட்டுவிடலாம். குடிபெயர்கிற செலவு வேறு, காசெல்லாம் ஆர்லிஸ் கையில். அதனால் அவன் ஞாயிற்றுக்கிழமை கடை மூடுகிற நேரமாகப் பார்த்து லியோ குபியாக்கின் இரைமீன் கடைக்குப் போனான். அங்கேயே விற்கிற முட்டை வாங்க நானும் கூடப் போயிருந்தேன். வெளியூர்க்காரர்கள் நல்லதையெல்லாம் பொறுக்கிக்கொண்டு போன பிறகு, தொட்டி மூலையில் மூக்கு சிராய்ந்து, வயிறு லேசாகச் சிவந்து, சில மீன்கள் ஒதுங்கி நின்றன.

"லியோ, அந்த மூலையில நிக்குதே, அது என்ன விலை?"

"அது மீன் இல்ல வெர்லின், நோயாளி."

"நோயாளி என்ன விலைன்னுதான் கேக்குறேன்."

"பாதி விலை கொடுத்துட்டு எடுத்துட்டுப் போ. செத்துப்போச்சுன்னு போன வருஷம் மாதிரி கொண்டாந்து என் கல்லாப்பெட்டி மேல போடாதே."

வலையை விட்டபோது எது துள்ளி விலகுகிறதோ அதை மட்டும் பார்த்துப் பார்த்து எடுத்தான். ஐந்து. அந்தக் கலை அவனுக்கு நன்றாகவே தெரியும், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். நிலவறையில் ஓடாத பழைய ஃப்ரீசர் பெட்டி ஒன்று, அதுதான் தொட்டி. கிணற்றுத் தண்ணீரை அப்படியே ஊற்றினால் அதில் காற்று இருக்காது, மீன் மூச்சுமுட்டிப் போகும். முந்தின நாளே நிரப்பி, காற்று மோட்டாரைப் போட்டுக் குமிழிவிடச் செய்திருந்தான். சிராய்ப்புக்கு ஒரு கை உப்பு. தீனி கிடையாது, தின்றால் தண்ணீர் கெடும். வாளியோடு தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து, குவளை குவளையாகத் தொட்டித் தண்ணீரை வாளியில் கலந்து, மீன் பழகின பிறகு உள்ளே விட்டான். எகிறிக் குதிக்காமல் இருக்க மேலே பலகை.

அதோடு விட்டானா? விடவில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் படியிறங்கிப் பலகையைத் தூக்கி டார்ச் அடிப்பான். வெளிச்சத்தைக் கண்டதும் மீன்கள் மிரண்டு போய்ச் சுவரில் முட்டும். ஆறுகிற மூக்கு மறுபடி கிழியும்.

"மீனுங்க காத்து இல்லாம சாகல வெர்லின், உன் தொல்லை தாங்காமச் சாகுது" என்றேன், செவ்வாய்க்கிழமை ஒன்று மிதந்தபோது.

"செவுள் அசையுதான்னு சும்மா பாத்தேன்."

"நீ பாத்தா அசையும், பாக்கலைன்னா நின்னுடுமா?"

மறுபடி பலகையைத் தூக்கி டார்ச் அடித்தான். மறுநாள் இன்னொன்று போயிற்று. மூன்று மீதி.

வியாழக்கிழமை விடிகிறபோதே பனி கொட்ட ஆரம்பித்தது. ஈரப்பனி, கனம். மரக்கிளைகள் ஒடிந்து கம்பிகள் மேல் விழுந்து ஊர் முழுக்க மின்சாரம் போய்விட்டது. வெர்லின் அதற்கு முன்னமே லாரியில் போயிருந்தான். தொலைபேசி மட்டும் வேலை செய்தது, என் வீட்டில் அடித்தது. எடுத்தால் மாவட்ட லாரிக் கொட்டகையில் வயர்லெஸ் பார்க்கிற நார்மா.

"மார்டெல், உங்க அக்கா வீட்டுக்காரர் வயர்லெஸ்ல உயிரை வாங்குறாரு. அவர் வீட்ல கரண்ட் இருக்கான்னு கேக்குறாரு."

"ஊருக்கே இல்லன்னு சொல்லு."

ஒரு நிமிஷம் சலசலப்பு. அப்புறம் நார்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "அப்போ காத்து மோட்டார் நின்னிருக்குமாம். நீங்க கீழ போய்த் தண்ணிய மொண்டு உயரத் தூக்கி ஊத்தணுமாம். விடாம ஊத்தணுமாம். ப்ளீஸ்னு மூணு தரம் சொல்லிட்டாரு."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இருந்தாலும் கோட்டை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். மண்ணெண்ணெய் விளக்கு ஒன்று, பால் காய்ச்சுகிற பாத்திரம் ஒன்று. தோள் உயரத்துக்குத் தூக்கி, தண்ணீர் உடைந்து உடைந்து விழுகிற மாதிரி ஊற்றினேன். மறுபடி மொண்டேன். ஈரம் ஆகாது என்பதால் ஆர்லிஸ் கீழே வரக்கூடாது. படி உச்சியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு, மூச்சு மருந்துக் குழலை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"உன் புருஷனுக்குப் பைத்தியம் முத்திப்போச்சு" என்று கீழேயிருந்து கத்தினேன். "செத்தா சாகட்டும், விடு. ஒரு மீனுக்காக நான் இடுப்பொடியணுமா?"

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள். "எனக்காகத்தானே மார்டெல் எல்லாத்தையும் வித்துட்டு வர்றார். ஒரு வார்த்தை சொல்லல, முணுமுணுக்கல. இங்கருந்து வெறுங்கையோட வந்தார்னா, அங்க அந்தச் சின்ன வீட்டுக்குள்ள நடந்தே தேஞ்சு போவார். அதைப் பாத்துக்கிட்டு நான் நல்லா மூச்சு விட்டு என்ன பிரயோசனம்?"

நான் மறுபடி மொண்டு ஊற்றினேன்.

மேலே அவர்கள் வீட்டுத் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. நார்மா கேட்பதை ஆர்லிஸ் கீழே சொல்வாள், நான் கத்துவதை அவள் மேலே சொல்வாள். நிமிர்ந்து நிற்கிறதா சாய்ந்து நிற்கிறதா? ஒன்று சாய்ந்துவிட்டது. எவ்வளவு சாய்ந்துவிட்டது? குடித்தவன் மாதிரி. எங்கள் ஊரில் பாதி வீட்டில் வயர்லெஸ் பேச்சை ஒட்டுக்கேட்கிற பெட்டி உண்டு, பாட்டரி போட்டால் ஓடும். பனியில் அடைபட்டுக் கிடந்த ஜனத்துக்கு அன்றைக்குப் பொழுதே வெர்லினின் சக்கர் மீன்களால்தான் போயிற்று. மத்தியானம் அந்தச் சாய்ந்தது செத்தது. மற்ற இரண்டும், யாரும் டார்ச் அடித்து மிரட்டாததாலோ என்னவோ, நான் ஊற்றுகிற இடத்துக்கே வந்து அமைதியாக நின்றன. இருட்டுகிற நேரம் மின்சாரம் வந்தது. எனக்கு இரண்டு தோளும் கழன்றுவிட்டது.

மறுநாள் வெள்ளிக்கிழமை, பாரில் மீன் வறுவல். நான் அடுப்படியில். வெர்லின் உள்ளே வந்து பிராந்திக் கோப்பையை வாங்கினதும் அங்கே இருந்தவர்கள் ஆரம்பித்துவிட்டார்கள்.

"மார்டெல், எனக்கு ஒரு தட்டு மீன். நிமிந்து நிக்கிறதா பாத்துப் போடு."

"நார்மா சொல்லிட்டா, சாஞ்சதுக்குப் பாதி விலைதானாம்."

வெர்லினும் கூடச் சிரித்தான். அதில் ஒருத்தன், விளையாட்டுக்குத்தான், "விடுய்யா வெர்லின், அரிசோனாவுல பல்லிக்குத் தூண்டில் போடலாம். அதுக்கு ஈ போதும், செலவில்ல" என்றான். வெர்லின் கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே போனான். மறுபடி தேடிக்கொண்டு வரவில்லை. எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்த ஆளின் தட்டில் கருகின துண்டாகப் பார்த்து வைத்தேன்.

சனிக்கிழமை காலை ஆர்லிஸ் என் கதவைத் தட்டினாள். "நீ அவர் கூடப் படகுல போ."

"நான் எதுக்கு?"

"தக்கை முங்குச்சுன்னா அவர் கையப் பிடிச்சு வைக்கிறதுக்கு."

"நான் என்ன ஆயாவா?"

"இன்னைக்கு ஒரு நாளைக்கு."

மிட்டன் ஏரிக்கரையில் கண்ணாடி மாதிரி பனிக்கட்டி படிந்திருந்தது. துடுப்பால் உடைத்துக்கொண்டு படகை இறக்கினோம். முதல் சக்கர் தெம்பில்லாதது, மத்தியானத்துக்குள் துவண்டுவிட்டது. ஈரச்சாக்குப் போர்த்தின வாளியில் கடைசி ஒன்று. அதன் மூக்கில் புண் ஆறி வெள்ளையாக இருந்தது. அதை முள்ளில் கோக்கும்போது அவன் கண்ணை இடுக்கிக்கொண்டான். நாளெல்லாம் நான் தண்ணீர் ஊற்றின மீன், எனக்கும் பார்க்கச் சகிக்கவில்லை, அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வெயில் சாய்கிற நேரம் தக்கை பட்டென்று முங்கியது.

அவன் தூண்டிலைத் தூக்குவதற்குள் அவன் கோட்டுக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "இழுத்தேன்னா துடுப்பாலயே மண்டையில போடுவேன். தூண்டில் நரம்பை விடு, ஓடட்டும்."

நரம்பு ஓடியது. நின்றது. அவன் பாதி எழுந்துவிட்டான்.

"என்னால முடியாது மார்டெல்."

"ஏதாவது பேசு. அரிசோனாவப் பத்திப் பேசு."

"என்னத்தப் பேச? அங்க காலைல எழுந்து நான் என்ன செய்வேன்? தள்ளப் பனியில்ல. ஜோலீன் வாசல்ல புல்லுக்குப் பதிலா கல்லு கொட்டி வச்சிருக்காளாம், வெட்டக்கூட வேண்டாமாம்." நரம்பையே பார்த்துக்கொண்டு பேசினான். "பயமா இருக்கு. அங்க போயும் அவளுக்குச் சரியாகலைன்னா? தூங்கும்போது அவ மூச்சு வருதான்னு எழுந்து எழுந்து பாக்குறேன். எத்தனை வருஷமா பாக்குறேன். நான் பாக்காத நேரம் நின்னுடுமோன்னு இருக்கு. எனக்கு எப்படி உக்கார முடியும்?"

நான் செவ்வாய்க்கிழமை கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. நரம்பு மறுபடி மெதுவாக நகர ஆரம்பித்தது. விழுங்கிவிட்டது.

"இப்ப" என்றேன்.

இழுத்தான். தூண்டில் வில்லாக வளைந்தது. படகுக்கடியில் ஒருதரம், அந்தப் பக்கம் ஒருதரம் என்று இழுத்தடித்துவிட்டுக் கடைசியில் அது படகோரம் வந்து படுத்தது. என் இடுப்பு உயரத்துக்குக் குறையாது. அவன் அதன் வாயைத் திறந்து பார்த்தான். முள் வெகு ஆழத்தில், தொண்டைக்கும் கீழே. செவுளில் ரத்தம் கசிந்தது.

"படகுல தூக்கிப் போடு" என்றேன். "பார்ல கொண்டுபோய் மேஜை மேல வை. எவன் வாயத் திறக்கிறான்னு பாக்குறேன்."

அவன் நரம்பை வாயோரமாக வெட்டிவிட்டான். விட்டதும் மீன் மல்லாந்துவிட்டது. கையுறையைக் கழற்றிப் போட்டான். படகில் முழந்தாளிட்டுக் குனிந்து, ஒரு கையால் வாலடியையும் ஒரு கையால் வயிற்றையும் பிடித்து நிமிர்த்தினான். செவுளுக்குள் தண்ணீர் போகிற மாதிரி மெல்ல முன்னே தள்ளினான், பின்னே இழுத்தான்.

"எவ்வளவு நேரம் இப்படி?"

"மூச்சு வாங்கட்டும்."

சூரியன் பைன் மரங்களுக்குப் பின்னால் இறங்கியது. அவன் கை முழங்கை வரை சிவந்து, அப்புறம் வெளுத்தது. கை போய்விடும் என்று திட்டினேன், கெஞ்சினேன். காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. அவசரமில்லை, பதற்றமில்லை, அந்த மனுஷன் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. ஒரு கட்டத்தில் செவுள் தானாகத் திறந்து மூடியது. அப்போதும் அவன் விடவில்லை. வால் ஒரு வீச்சு வீசி அவன் கையை உதறிக்கொண்டு மீன் ஆழத்துக்குப் போயிற்று.

"போயிடுச்சு" என்றான், அவ்வளவுதான்.

துடுப்புப் போட்டது நான். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஆர்லிஸ் கோழி சூப்பில் மாவுருண்டை போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தாள். அவன் வாயாலேயே சொல்லட்டும் என்று நான் என் கோட்டைக் கழற்றி மாட்டினேன். அவன் கோட்டோடு மேஜையில் உட்கார்ந்து காபிக் கோப்பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டான். அடுப்பில் விறகு சரிந்து விழுந்தது, எழவில்லை. நிலவறை மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, எழவில்லை. ஆர்லிஸ் கரண்டியைக் கையில் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் கோப்பையைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தான். பிறகு உட்கார்ந்த இடத்திலிருந்தே அதை அவளிடம் நீட்டினான். "இன்னும் கொஞ்சம் இருக்கா?"

ஆர்லிஸ் என் பக்கம் திரும்பினாள்.

"பிடிச்சுட்டாரா?" என்று கேட்டாள்.