பொட்டி வேலு சுமந்த கொடி

காஞ்சிபுரத்தில் அந்தப் பிரசவ ஆஸ்பத்திரியில் போய் மாணிக்கவேல் என்று கேட்டால் விழிப்பார்கள். பொட்டி வேலு என்றால் வாட்ச்மேன்கூடக் கை காட்டுவார். இரண்டாயிரத்து நான்காம் வருஷத்தில் ஆம்னி வேன் ஓட்டிக்கொண்டிருந்த தென்னேரிக்காரன் அவன். பிரசவ அறையிலிருந்து வெள்ளை ஐஸ் பெட்டி ஒன்று வரும். அதை ஐஸ் உருகுவதற்குள் தாம்பரத்துக்குப் பக்கத்தில் இருந்த ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். அதுதான் வேலை.

பெட்டிக்குள் இருப்பது பிள்ளை பிறந்த பிறகு விழும் நஞ்சுக்கொடி என்று தெரிந்த முதல் நாள் வேலு ஆடிப்போய்விட்டான். தென்னேரியில் மாடு கன்று போட்டால் நஞ்சை வைக்கோலில் சுற்றி, சாக்கில் கட்டி, ஏரிக்கரை ஆலமரத்தில் தொங்கவிடுவார்கள். பால் வடிகிற மரத்தில் தொங்கினால் மாட்டுக்குப் பால் வற்றாது. மனுஷப் பிள்ளையுடையதை வீட்டுக்குப் பின்னால் புதைத்து, நாய் தோண்டாமல் இருக்க மேலே கல் வைப்பார்கள். அதைப் போய் ஐஸில் போட்டு ஊர் விட்டு ஊர் கொண்டுபோவதா? மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அப்புறம் இறங்கிவிட்டது. வயிறு என்று ஒன்று இருக்கிறதே, அது எந்த அதிர்ச்சியையும் நாலு நாளில் சமாதானம் செய்துவிடும்.

ஆராய்ச்சிக்கூடத்தில் பெட்டியை வாங்கிக்கொள்பவர் டாக்டர் ஸிந்துஜா. சின்ன காஞ்சிபுரத்து வாத்தியார் வீட்டுப் பெண். ஊர்க்காரன் என்ற பாசத்தில் ஒருநாள் வேலுவுக்கு விளக்கமாகவே சொன்னார். சில கர்ப்பிணிகளுக்கு ரத்தக்கொதிப்பு ஏறி, கை கால் வீங்கி, ஜன்னி காண்கிறதே, அதற்கு மூலம் கொடியில்தான். வயிற்றுக்குள் கைவிட்டுப் பார்க்க முடியாது. அதனால் கொடியில் துளித் துளியாக வெட்டி, வயிற்றுக்குள் இருப்பது போலவே சூடும் காற்றும் கொடுத்து இங்கே வளர்த்துப் பார்க்கிறோம் என்றார். வேலு பவ்யமாகத் தலையாட்டினான். கேட்டதில் பாதி, வாசலில் நின்ற வண்டிக்கு வருவதற்குள் மறந்துவிட்டது.

அவன் மனைவி ஏலவார்குழலிக்கு முதல் பிள்ளை வயிற்றிலேயே போயிற்று. இரண்டாவதில், ஏழாம் மாதம் அவளுக்கு முகம் உப்பியது, வளையல் கையில் சிக்கிக்கொண்டது, கண் மங்கலாயிற்று. அதே வேனில் ஏற்றி அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தான். அவசர ஆபரேஷன். ஆண் பிள்ளை. கோழிக்குஞ்சு மாதிரி இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்க வைத்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் ஐஸ் பெட்டியோடு வந்தாள். "நீயே எடுத்துக்கினு போறியா வேலு? வேற வண்டி பாக்கட்டுமா?"

கண்ணாடிக்குள் பிள்ளை காலை உதைத்துக்கொண்டிருந்தது. மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் கிடந்த குழலி, "போய்ட்டு வாய்யா, அவன் எங்கியும் பூட மாட்டான்" என்றாள். வேலு பெட்டியை வாங்கிக்கொண்டு கிளம்பினான். யாருடையது என்று எந்தப் பெட்டிக்கும் அவன் கேட்டதில்லை, இதற்கும் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது பிள்ளையைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள்.

அன்று சாயங்காலமே வாய்க்கால் ஓரம் குழி வெட்டிப் புதைத்தான். செத்த பிள்ளையோடு அதன் கொடியும் மண்ணுக்குள் போக வேண்டும், பிரித்துவிட்டால் அடுத்தது தங்காது என்பது அவர்கள் வழக்கம். துணிக்குள் கொடியும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். அவிழ்த்துப் பார்க்க எந்த அப்பனுக்கு மனசு வரும்?

அடுத்த வாரம் வேறொருத்தியின் பெட்டியோடு ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனான். ஸிந்துஜா முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"வேலு, உள்ள வாங்கோ. உங்க குழந்தையோடது ரொம்ப நன்னா வந்துண்டிருக்கு. பாக்கறேளா?"

வேலுவுக்கு ஒன்றும் ஓடவில்லை. "எது மேடம்?"

"போன வாரம் நீங்களே கொண்டுவந்து குடுத்தேளே! உங்க ஆத்துக்காரியோடதுன்னு நர்ஸ் போன்ல சொன்னா. ரெண்டு எடத்துல புதுசா முளை விட்டிருக்கு."

"இன்னா மேடம் சொல்றீங்க? எம்புள்ள மண்ணுக்குள்ள கீறான்."

ஸிந்துஜாவின் சிரிப்பு அப்படியே நின்றது. கை தடவித் தடவி ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார். "காலை உதைச்சிண்டு இருக்கான்னுதானே நர்ஸ் சொன்னா... அப்பறம் யாரும் எனக்குச் சொல்லலையே வேலு."

வேலு அதைக் கேட்கவில்லை. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துவிட்டிருந்தான். ஆலம் விழுதின் நுனி போல வெளுப்பாகக் கிளை கிளையாக ஏதோ தெரிந்தது. பயமா, ஆத்திரமா, ஆசையா என்று அவனுக்கே தெரியவில்லை.

"அவன் செத்துட்டான். இது மட்டும் உயிரோட கீதா?"

ஸிந்துஜா ஆமாம் என்று தலையை அசைத்தார்.

"குடுத்துடுங்க மேடம். இது மண்ணுக்குப் போவாம எங்களுக்கு அடுத்தது தங்காது."

"வெளியில எடுத்தா நிக்காது வேலு. இது ஊறிண்டிருக்கிற தண்ணி ஆரஞ்சா இருக்கு பாருங்கோ. வாடாமல்லி கலருக்கு மாறிடுத்துன்னா..." முடிக்காமல் விட்டார். பிறகு மைக்ராஸ்கோப்பின் அடியிலிருந்த சின்னக் கண்ணாடித் தட்டை எடுத்து மூடி அவன் கையில் வைத்தார். "உங்களோடது. மாட்டேன்னு சொல்ல நான் யாரு?"

ஐஸ் பெட்டியில் வைக்க வேலுவுக்கு மனசு வரவில்லை. பக்கத்து சீட்டில் துண்டை விரித்து வைத்தான். சித்திரை வெயில் கொளுத்தியது. பச்சைப் பிள்ளைக்குக் காற்று படக்கூடாது என்பது போல ஜன்னல் கண்ணாடிகளையெல்லாம் ஏற்றிவிட்டு, வேர்த்து ஒழுக ஒழுக ஓட்டினான். ஒரகடத்தில் பார்த்தான், தண்ணீர் சிவந்திருந்தது. வாலாஜாபாத்தில் பார்த்தான், ரோஸ். தென்னேரிக்குத் திரும்பும்போது பட்டுக்கடைப் பொம்மைக்குக் கட்டிய புடவை போலச் சுத்தமான வாடாமல்லி. அப்புறம் அவன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

குழலி, பால் வற்றுவதற்காக மார்பில் மல்லிகைப் பூ வைத்துக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். அவன் எல்லாவற்றையும் கொட்டினான். "நம்மள ஏமாத்திட்டாங்க குழலி. நாந்தான் எட்த்துக்கினு போயிருக்கேன், எங்கையால!"

"யாரும் ஏமாத்தல. ஆபரேஷனுக்கு முன்னால, கொடியக் குடுக்கறியான்னு கேட்டாங்க. நாந்தான் கையெழுத்து போட்டேன்."

டாக்டர் சொன்னதைக் கேட்டபோதுகூட வேலுவுக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

"ஏன்டீ?"

"கன்னு செத்தாலும் நஞ்ச ஆலமரத்துலதானே கட்றோம்? பொதைக்கிறமா? எனக்கு அதுதான் தோணுச்சு. எங்கியாவது தொங்கிக்கினு நல்லா இருக்கட்டும், இன்னொருத்தி புள்ளையாவது பொழைக்கட்டும்னு போட்டேன்." அவள் தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "இது இன்னும் கீதாய்யா?"

"இல்ல."

வெகுநேரம் அவள் அந்தத் தண்ணீரையே பார்த்தாள். அவனை அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

"உயிரோட இருக்கும்போது என்னை இட்டுக்கினு போய் ஒரு வாட்டி காட்டியிருக்கலாமே. புள்ளையத்தான் கையில வாங்கல."

வேலு வாய்விட்டு அழுதான். சாயங்காலம் இருவரும் போய் அதை வாய்க்கால் ஓரத்தில், பிள்ளைக்குப் பக்கத்தில் புதைத்தார்கள்.

அதற்கடுத்த வருஷம் குழலி மறுபடி அதே ஆஸ்பத்திரியில் படுத்தாள். மறுபடி கையெழுத்தும் போட்டாள். இந்த முறையும் பிள்ளை முந்தித்தான் வந்தது. நர்ஸ் பெட்டியோடு வந்தபோது பொட்டி வேலு வாழ்க்கையில் முதல் தடவையாக முடியாது என்றான். கண்ணாடிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டான். வேறு வண்டி பிடித்தார்கள். பெட்டியை வாங்கிய டிரைவரை மட்டும் அவன் நிறுத்தினான்.

"அங்க போனதும் பெட்டியக் குடுக்கறதுக்கு முன்னாலயே சொல்லிடுப்பா. புள்ள உயிரோட கீது, அப்பங்காரன் பக்கத்துலயே குந்திக்கினு கீறான்னு."