வாசல் பக்கத்து இடம்

பொன்மணியின் எடை நூற்றியாறு கிலோ. ஊரடங்குக்கு முன்னால் எண்பத்தொன்று. இரண்டையும் அவளுடைய சர்க்கரை நோட்டில் எழுதியவள் நான்தான். ஆமத்தூர்ப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருக்கிறேன். பெயர் ரீனா, பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, எல்லோருக்கும் சிஸ்டர்தான்.

பொன்மணிக்கு நாற்பது வயது. பதினெட்டு வருடமாகப் பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிறாள். முன்பும் குண்டுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கம்பெனி வண்டி நிற்கிற இடம்வரை காலையில் இரண்டு கிலோமீட்டர் நடை, மாலையில் அதே நடை, நடுவில் ஒரு தூக்குவாளிச் சோறு. உடம்பு அதற்குப் பழகியிருந்தது. 2020 மார்ச்சில் கம்பெனியைப் பூட்டினார்கள். திறந்தபோது பாதி ஆள் போதும் என்றார்கள்; சர்க்கரை இருக்கிறவள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று இவளை நிறுத்திவிட்டார்கள். அடுத்த வருடம் மறுபடி ஊரடங்கு.

எடை ஏறியதில் ரகசியம் ஒன்றுமில்லை. ரேஷனில் அரிசி தாராளமாகக் கிடைத்தது, காய்கறி வண்டி எப்போதாவது வந்தது. காலையில் பழையது, பதினொரு மணிக்கு டீயும் சேவும், மத்தியானம் சோறு, தூக்கம், எழுந்தால் திரும்பவும் டீ. புருஷன் நாகையாவும் வீட்டில்தான். அவருக்குப் பொழுது போகவில்லையே என்று தினமும் வடை சுட்டாள். அவர் இரண்டு தின்பார், மீதி இவளுக்கு. பஸ் ஓடவில்லை என்று மூன்று மாதம் மாத்திரை வாங்கவே வரவில்லை. தெருவில் நடக்கலாம் என்றால் போலீஸ் பயம் பாதி, 'எங்க உருண்டு போற' என்கிற கேலி பாதி. நானே ஒரு நாள் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன், "வாயைக் கட்ட முடியாதா ஒனக்கு?" என்று.

"பசிச்சுத் திங்கல சிஸ்டர். சும்மா இருக்க முடியல, அம்புட்டுதான்" என்றாள். கோபம்கூட வரவில்லை அவளுக்கு. அப்படிக் கேட்டதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

2021 ஆகஸ்டில் வேலைக்குக் கூப்பிட்டார்கள். சீசன், ஆர்டர் குவிந்து கிடந்தது. பழைய அறை, பழைய இடம். வாசலை ஒட்டிப் பொன்மணி, அவளுக்கு உள்ளே கற்பகம். அந்த அறையில் இவர்கள் இரண்டு பேர்தான், பதினொரு வருடமாக அப்படித்தான் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். அறைக்கு இரண்டு வாசல் உண்டு. ஏதாவது ஆனால் எழுந்து ஓடுவதற்காக வைத்தது. பின் வாசலில் காலித் தட்டுகளை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள்.

மூன்றாம் நாள், பக்கத்து அறையில் புகை என்று யாரோ கத்தினார்கள். மற்ற அறைக்காரர்கள் எல்லோரும் வெளியே வேப்பமரத்தடிக்கு ஓடிவிட்டார்கள். பொன்மணி முழங்காலை ஊன்றிச் சுவரைப் பிடித்தாள். எழ முடியாமல் திரும்ப உட்கார்ந்துவிட்டாள். இரண்டாம் தடவை எழுந்து வாசலில் நின்றபோது அவளைத் தாண்டிப் போக வழியில்லை. கற்பகம் இரண்டு கையாலும் முதுகில் தள்ளினாளாம். இவளால் அதற்கு மேல் வேகமாக நகர முடியவில்லை. இருவரும் வெளியே வருவதற்குள் ஓடினவர்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். புகை இல்லை, வெறும் தூசி. போர்மேன் உக்கிரபாண்டி இவளை ஒரு பார்வை பார்த்தார்.

மறுநாள் கற்பகம் முதலில் வந்து வாசலை ஒட்டித் தன் சாக்கை விரித்திருந்தாள்.

"யக்கா, இனிமே நீங்க உள்ள உக்காருங்க. நான் இங்கன உக்காந்துக்கிறேன்" என்றாள். தரையைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டு பிள்ளைக இருக்குக்கா" என்றாள்.

பொன்மணி தன் சாக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மத்தியானம் வழக்கம்போலக் கற்பகம் துவையல் கொடுத்தாள், இவளும் வாங்கிச் சாப்பிட்டாள்.

அடுத்த தடவை மாத்திரை வாங்க வந்தபோது அவள் இதைச் சொல்லக் கேட்டு எனக்கு வந்ததே கோபம். "அந்தத் தட்டுகளை எடுத்தா ஆளுக்கொரு வாசல் இருக்குல்ல? அதை ஏன் ஒருத்தரும் கேக்கல?"

"சீசன் முடியிற வரைக்கும் அது அங்கனதான் இருக்கும் சிஸ்டர். கேட்டா, ஒன்னய யாரு இப்படி ஆகச் சொன்னாம்பாக."

"கற்பகத்து மேல வருத்தம் இல்லையா?"

"அவ கேட்டது சரிதான. நானா இருந்தாலும் கேட்டிருப்பேன்." அடுத்த வீட்டு விஷயம் மாதிரிச் சொல்லிவிட்டு, பிரஷர் பார்க்கக் கையை நீட்டினாள். எனக்குத்தான் அழுகை வந்தது. அவள் பட்டையின் காற்று இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும் கேட்டாள்: "எம்புட்டுக் குறைச்சா மறுபடி வாசப் பக்கம் உக்காரலாம் சிஸ்டர்?"

எனக்கு என்ன தெரியும்? இருபது கிலோ என்று சொன்னேன். சரி என்று நோட்டை வாங்கிக்கொண்டாள். மறுநாளும் வேலைக்குப் போனாள், உள்ளேதான் உட்கார்ந்தாள்.