வெள்ளிக்கிழமை நிற்காத தறி

2025 மார்ச் 14, வெள்ளி. ஐந்தே காலுக்கு எழுந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஐந்து ஐம்பது பஸ். ஆறரைக்கு இராஜபாளையம் பேண்டேஜ் துணி ஆலையில் கையெழுத்து. எந்தத் தறி எப்போது நின்றது, எப்போது ஓடியது என்று கம்ப்யூட்டரில் பதிவதுதான் சூப்பர்வைசரான எனக்கு முதல் வேலை.

அதில் இரண்டு புரோகிராம்கள் இருந்தன. ஒன்று, தறி ஓடிய நேரத்தையும் நெய்த துணியின் நீளத்தையும் ஒப்பிட்டு, ஓட்டியவருக்கு மதிப்பெண் போடும். மற்றது அந்த மதிப்பெண்ணை வாங்கி ஷிப்டு பிரிக்கும். எங்களை எதுவும் கேட்காது.

வெள்ளிக்கிழமைகளில் முதலாளி நிறுத்தத்தைப் பதிய விடமாட்டார். "வெள்ளியும் அதுவுமா 'நின்னுருச்சு'ன்னு போடாதிய. தொழில் வெளங்காது." எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் பதியவில்லை, என் டைரியில் மட்டும் நிமிடம் பிசகாமல் குறித்தேன். நின்ற தறி கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டே இருந்தது.

பதினோராம் தறி ரொம்பப் பழையது, அடிக்கடி நிற்கும். அதை ஓட்டிய பெண் வன்னியம்பட்டியிலிருந்து வருபவர். கணவர் பக்கவாதத்தில் படுக்கை. பகலில் பக்கத்து வீட்டார் பார்த்துக்கொள்வார்கள், இரவில் ஆள் கிடையாது.

அன்று கம்ப்யூட்டர் போட்ட ஷிப்டு பட்டியலில், மறுநாள் முதல் அவருக்கு நிரந்தர இரவு ஷிப்டு. காரணம்: வேகக் குறைவு.

"ஏட்டி, தறி ஓட்டுனியா, தொட்டில் ஆட்டுனியா?" என்று பேக்கிங்கில் ஒருத்தி சிரித்தாள்.

அவர் என்னிடம் வந்தார். "அண்ணாச்சி, ஒவ்வொரு வெள்ளியும் நின்ன தறியச் சரிபண்ண ஃபிட்டர் வரட்டும்னு எம்புட்டு நேரம் காத்துக் கெடந்தேன்! ஒங்களுக்குத் தெரியும்லா?"

தெரியும். டைரியை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன். வெள்ளிக்கிழமை நின்ற நேரம் என்று ஆரம்பித்ததுமே கையைக் காட்டினார். "இன்னைக்கா இதப் பேசணும்? நாளைக்குப் பாப்போம்." டைரியைத் திறக்காமலே திரும்பினேன்.

வாசலில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தார். "என்ன சொன்னாவ?"

"நாளைக்குப் பாப்போம்ங்காவ."

"நீங்க என்ன சொன்னிய?"

நான் டைரியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் மேஜைக்கு நடந்தேன். பின்னாலேயே வந்தார். "சரி, நாந்தான் மெதுவா ஓட்டுனேன்னே இருக்கட்டும் அண்ணாச்சி." நூல் வெட்டும் கத்தரியை என் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு மணிக்கு ஷிப்டு முடிய இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.

மறுநாள் காலை நான் உட்கார்ந்ததும், பதினோராம் தறிக்கு யார் என்று கம்ப்யூட்டர் கேட்டது. முதல் வேலையாக, வேறொரு பெண்ணின் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் பதிந்தேன்.