ஓட்டையில்லாத கோஸ்

சத்துணவுக்கூடத்தில் சோறு போடுவது பெரிய வித்தையில்லை. அந்தச் சோற்றோடு காயையும் உள்ளே அனுப்புவதுதான் உத்தியோகம். பிள்ளைக்கு 'ஆ' காட்டிக் காட்டித் தன் வாய் வலித்தவர்களுக்கு என் பாடு புரியும். மலையடிவாரத்து அய்யம்பாளையத்துக்காரியான எனக்குக் கொடைக்கானல் மலையில் கூக்கால் பக்கம் ஒரு சின்னப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர் வேலை. மகளையும் அங்கேயே இரண்டாம் வகுப்பில் சேர்த்துவிட்டேன்.

சத்தமில்லாத பந்தி

முதல் நாள் முட்டைக்கோஸ் பொரியல். வெளியே மேகம் இறங்கி ஜன்னலை அடைத்திருந்தது. முட்டைக்குச் சண்டை போட்ட பிள்ளைகள் பொரியலைக் கண்டதும் அடங்கிவிட்டார்கள். ஒவ்வொரு துணுக்காகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார்கள். எல்லாரும் ஒரே மாதிரி, ஒரு வார்த்தை பேசாமல்.

அழுதால் அதட்டலாம், முகம் சுளித்தால் கொஞ்சலாம். இதற்கு என்ன செய்வது? கொடைக்கானல் டவுனிலிருந்து வரும் சமையலர் பாண்டியம்மாக்கா கரண்டியோடு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"எங்க டவுன் புள்ளைக நூடுல்ஸ் கேட்டு அழும் டீச்சர். இதுக அழக்கூட மாட்டேங்குதுக."

வேலியோரம்

கோஸின் மேல் இலைகளைப் பின்பக்க வேலியோரக் குழியில் கொட்டுவோம். ஒரு வாரம் கழித்துப் பார்த்தேன். சிந்திய சோற்றைக் காக்காய் கொத்தியிருந்தது; இலை போட்டது போட்டபடி கிடந்தது. ஓர் எறும்பு இல்லை, ஈ இல்லை.

மத்தியானம் மூடுபனிக்குள்ளிருந்து ஒரு காட்டுமாடு வந்தது. வேலிக்கு மேலே தலையை நீட்டி அந்த இலையை மோந்து பார்த்தது. ஒரு தரம் மூச்சை ஊதிவிட்டு, வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. பயத்தில் நானும் அக்காவும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நான் மாட்டுக்குப் பயந்தேன். அக்கா வேறு எதற்கோ பயந்தார்.

"தோட்டத்த அழிக்கிற மாடு டீச்சர் இது. நம்ம கோஸத் தொடாமப் போகுதே."

என் மகள்

ஒரு பிள்ளை தின்றால் மற்றதும் தின்னும் என்பது என் கணக்கு. மகளை முதல் வரிசையில் உட்கார்த்தி இரண்டு கரண்டி பொரியல் வைத்தேன். சமர்த்தாகச் சாப்பிட்டாள். அவ்வளவு பிள்ளைகளும் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு அவள் வாயையே பார்த்தார்கள். எச்சில் ஊறிப் பார்க்கிற பார்வை இல்லை அது.

என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். ஐந்தாம் வகுப்பு செல்வி எழுந்தாள். பள்ளிக்குக் காய் போடும் விவசாயியின் மகள் அவள். ரொம்பத் தணிந்த குரலில் சொன்னாள்.

"அது அடிவாரத்துப் புள்ள டீச்சர். அதுக்குத் தெரியாது."

செல்வியின் அப்பா

மறுநாள் வெள்ளனே அவர் தோட்டத்துக்குப் போய்விட்டேன். கண்ணுக்கெட்டிய வரை கோஸ், ஒன்றில் கூடப் பொத்தல் இல்லை. ஒரு வண்டு சத்தம் கூட இல்லை. செல்வியின் அப்பா முதுகில் பூச்சிமருந்து டேங்க்கோடு நின்றார். சந்தைக்கும் பள்ளிக்கும் போகும் காய்க்கு வெட்டுவதற்கு முந்தின நாள் வரை மருந்து அடிப்பார்களாம். வீட்டுக்கென்று கொல்லையில் தனிப் பாத்தி, அதற்கு மருந்தே கிடையாது. பள்ளியில் காயைத் தொடாதே என்று ஊரில் எல்லா வீட்டிலும் சொல்லித்தான் அனுப்புகிறார்களாம்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனால் முதல் நாளே இவரிடம், ஓட்டை இருந்தால் திருப்பி அனுப்புவேன் என்று கறாராகச் சொன்னது நான்தானே. அழகாக இருக்கிறதென்று வீட்டுக்கும் ஒன்று எடுத்துப் போயிருக்கிறேன். அவர் டேங்க்கை இறக்கி வைத்தார்.

"ஒங்க புள்ளையும் அதத்தான் திங்கிதுன்னு நெனைக்கவே இல்லைங்க டீச்சர்."

புழு

இப்போது பள்ளிக்கும் கொல்லைப் பாத்திக் காய்தான் வருகிறது. முதல் கோஸை அக்கா பிரித்தபோது பச்சைப் புழு ஒன்று நெளிந்து மேசையில் ஏறியது. பிள்ளைகள் ஓடி வந்து சுற்றி நின்று பார்த்தார்கள். அன்றைக்கு எல்லாத் தட்டும் காலி. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒரு தட்டு மட்டும் காலியாகவில்லை. இப்போது விஷயம் தெரிந்த என் மகள் பொரியலை ஒவ்வொரு துணுக்காக ஓரத்தில் ஒதுக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"புழுவ எனக்குக் காட்டும்மா, அப்புறம் திங்கிறேன்."

மற்ற ஊரில் காயில் புழு இருந்தால் அமைப்பாளருக்கு மெமோ வரும். இங்கே ஒரு புழுவாவது கண்ணில் பட்ட பிறகுதான் நான் பரிமாறக் கரண்டியை எடுக்கிறேன்.