அக்காவுக்கு மட்டும் முட்டை

அந்தத் தவக்காலத்தில் எங்கள் வீட்டில் முட்டை தின்றவள் அக்கா ஒருத்திதான். திருச்சுழிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம் எங்களுடையது. சாம்பல் புதன் வந்துவிட்டால் ஈஸ்டர் வரை கறி, மீன், முட்டை எதுவும் அடுப்பேறாது.

அக்கா கபடி ஆடுவாள். அவள் பாடிப் போனால் எதிரணிப் பிள்ளைகள் பின்வாங்குவதைப் பார்ப்பதே எனக்குப் பெருமை. பள்ளி திறந்ததும் மாவட்ட அணிக்கு ஆள் எடுப்பதாக இருந்தது. அதற்குள் அவளுடைய கெண்டைக்கால் எலும்பில் கீறல் விட்டது.

அம்மாவுக்குத் தெரிந்த மருந்து ஒருசந்திதான். பகலெல்லாம் பட்டினி, பொழுது சாய்ந்ததும் கஞ்சி. அக்காவையும் சேர்த்தே நேர்ந்துகொண்டாள். அருப்புக்கோட்டையில் மறுபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் கீறல் அப்படியே இருந்தது. ஆண்டவருக்கு எட்டவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, அம்மா கஞ்சியையும் பாதியாக்கிவிட்டாள்.

விஷயம் தெரிந்து பி.டி. டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"எலும்பு கூடுறதுக்கும் சாப்பாடு வேணும்லக்கா? முட்டை, பாலு, கேப்பை, நெத்திலின்னு குடுங்க. இப்பிடிப் பட்டினி போட்டா, இந்தக் காலு கூடுனாலும் அடுத்த காலு தாங்காது."

"புள்ளையையும் சேத்து நேந்துக்கிட்டேனே டீச்சர். அவ பங்கை யாரு தீக்க?" என்றாள் அம்மா.

மறுநாள் காலை அம்மா மாதா படத்தின் முன் வெகுநேரம் முணுமுணுத்துவிட்டு, முட்டை அவித்தாள். அக்காவுக்கு மட்டும். எனக்கும் ஒரு கால் உடையட்டும் என்று நான் சத்தமாகவே செபித்தேன். முதுகில் ஒன்று விழுந்தது.

ஈஸ்டருக்கு ஆட்டுக்கறி கொதித்தது. அம்மா தொடவில்லை. "ஆக்குன வாசமே வயித்தை நெறச்சிருச்சுடி" என்றாள். அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் அதையேதான் சொன்னாள்.

கால் கூடியது. தேர்வு நாளில், கட்டிப்பிடித்த மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு அக்கா நடுக்கோட்டைத் தொட்டாள். "அது எங்க அக்கா" என்று முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். அணியில் அவள் பெயரை வாசித்தார்கள்.

வெளியே வந்ததும் அம்மா தள்ளுவண்டியில் ஒரு ஆம்லெட் வாங்கி, நின்றவாக்கிலேயே தின்றாள். சந்தோஷத்தில் பசி வந்துவிட்டது போல என்று நான் சிரித்தேன். அக்கா மட்டும் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். ஜெயித்தவள் எதற்கு அழ வேண்டும் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.