கடைசிக் கட்டிலின் திரை

திரைக்குப் பின்னால் ஒரு பெண்ணின் தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

எங்கள் ஹட்டன் ஆஸ்பத்திரியில் மிக மோசமான நோயாளியை வார்டின் கடைசிக் கட்டிலில் போட்டுத் திரையை இழுத்துவிடுவார்கள். இறந்தால் மற்றவர்கள் பார்க்காமல் பின்கதவால் கொண்டுபோகலாம். அன்று மதியம் அதில் கிடந்தவள் காய்ச்சலில் நினைவிழந்த, தேயிலைத் தோட்டத்துக் கொழுந்துக்காரி. நாக்கு பின்னுக்குச் சரிந்து மூச்சை அடைத்துவிட்டது. பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்து கிடந்த ஒரு அம்மா, இழுப்புச் சத்தம் கேட்டுக் கத்தியிராவிட்டால் எனக்குத் தெரிந்தேயிருக்காது.

மூச்சு திரும்பியதும் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தேன்.

"முடியாதவங்கள மறைச்சு வச்சிட்டு, காவலுக்கு என்னையவா போட்டிருக்கீங்க டாக்டரய்யா?" என்றார் அந்த அம்மா.

கட்டிலை நர்ஸ் மேசைக்குப் பக்கத்தில் போடச் சொன்னேன்.

பெரிய நர்ஸ் தயங்கினார். "எல்லாரு கண்ணு முன்னாலயும் செத்துட்டா, டாக்டர்?"

"எல்லாரும் பார்த்துக்கிட்டிருந்தா பிழைக்கலாம், மிஸ்."

அவர் கட்டிலின் மறுமுனையைப் பிடித்தார். தள்ளிக்கொண்டு போனோம். இனிக் கால் மணிக்கொருமுறை மூச்சையும் நாடியையும் பார்க்க வேண்டும். மாலைவரை நான், பிறகு அவர். காலையில் அவள் கண் விழித்தால், ஆண்கள் வார்டிலும் கடைசிக் கட்டிலை முன்னால் கொண்டுவந்து, திரையைக் கழற்றச் சொல்லிக் கேட்பேன்.